நிற்கிற வண்டிதான் பழுதாகும்

கவச வாகனம் என்றால் அசைக்க முடியாத இரும்பு என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். என் கொட்டிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விரலை மடக்கி அதன் உடம்பில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். தகரச் சத்தம் வராது. துவக்குச் சன்னத்தைத் தாங்குவதற்கென்று செய்த உருக்குத் தகடு அது. ஆனால் சன்னத்தைத் தாங்குகிற இந்த வாகனங்கள் சும்மா நிற்பதைத் தாங்கா. ஒரு மாரிகாலம் ஓடாமல் நின்றால் போதும். பிறேக் சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிவிடும். காபரேட்டரில் கிடந்த பெற்றோல் வற்றிப் பிசினாகும். வால்வு தன் வழிகாட்டிக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒயில் சீல் காய்ந்து சுருங்கும். தரைத்தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். நான் திருத்திய பாகங்களில் ஓடித் தேய்ந்தவற்றைவிட நின்று கெட்டவையே அதிகம்.

தொழிலால் நான் பஸ் மெக்கானிக். லண்டனில் ஒரு பஸ் கராஜில் வேலை. ஓய்வு நாட்களில் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு கமக்காரரிடம் வாடகைக்கு எடுத்த வைக்கோல் கொட்டிலில் ஒரு ஃபெரட்டோடு மினக்கெடுகிறேன். ஃபெரட் பிரித்தானிய இராணுவத்தின் வேவு வாகனம். கொவென்ட்ரியில் டெய்ம்லர் கம்பனி 1952 முதல் 1971 வரை 4,409 வாகனங்களைச் செய்தது. நாலு சக்கரம், இரண்டு பேர். மேல் திறந்த மாதிரியும் உண்டு, இயந்திரத் துவக்குப் பூட்டிய சுழல்கூண்டோடு வந்த மாதிரியும் உண்டு. நிறை நாலு தொன்னுக்குக் கிட்ட. பின்பக்கம் ரோல்ஸ் ரொய்ஸின் பி60 எஞ்சின்: ஆறு சிலிண்டர், 4.26 லீற்றர். மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேல் போகும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு மூன்று கிலோமீற்றர் கிடைத்தால் அன்றைக்கு எஞ்சின் நல்ல மனநிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிற கனபேருக்கு டாங்கி மீதுதான் ஆசை. டாங்கியை வாங்கினால் அதை ஏற்றி இறக்கத் தாழ்தட்டு லொறி வேண்டும், சங்கிலித் தடத்தைக் கழற்றிப் பூட்ட நாலு பேர் வேண்டும், ஓட்டிப் பார்க்க ஒரு வயல்வெளி வேண்டும். ஃபெரட் சாதாரண கொட்டிலுக்குள் அடங்கும், பதிவுசெய்தால் றோட்டில் தானாகவே போகும். 40 வயது கடந்த வாகனம் என்பதால் பிரித்தானியாவில் அதற்கு வீதி வரியும் இல்லை. ஆகவே தொடக்கக்காரர் பலர் இதில்தான் கை வைக்கிறார்கள். சின்ன வாகனம், சின்ன வேலை என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. அவர்களில் பலருடைய ஃபெரட் பாதி கழற்றிய நிலையில் மறுபடி விற்பனைக்கு வரும்.

என்னை இதற்குள் இழுத்தது கியர்பொக்ஸ். என் பெரியப்பா கொழும்பில் இ.போ.ச. டிப்போவில் வேலை செய்தவர். 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கிய பிறகு, லண்டனில் ஓடி முடித்த இரட்டைத்தட்டு பஸ்கள் கப்பலில் வந்தன. அவற்றில் கிளச் இல்லை. சாரதி முதலில் சின்னப் பிடியை அடுத்த கியருக்கு நகர்த்தி வைப்பார், ஒன்றும் நடக்காது. தேவைப்படுகிற நேரத்தில் இடது மிதியை மிதித்து விடுவார், அப்போதுதான் கியர் மாறும். முன்தெரிவு கியர்பொக்ஸ் என்று சொல்லலாம். பெரியப்பா இதைச் சொல்லும்போது எனக்கு விளங்கவில்லை. பல வருடம் கழித்து இங்கிலாந்தில் ஓர் இராணுவ வாகனக் கண்காட்சியில் ஃபெரட்டின் உள்ளே எட்டிப் பார்த்தபோது அதே ஏற்பாடு. பஸ்ஸில் காற்றழுத்தம் செய்த வேலையை இங்கே சாரதியின் கால் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பெட்டிக்குள் கிட்டத்தட்ட ஒவ்வொரு கியருக்கும் ஒரு பல்சக்கரத் தொகுதி. தொகுதியைச் சுற்றி ஒரு உருளை, உருளையைச் சுற்றி ஒரு பிறேக் பட்டை. எந்தப் பட்டை இறுகுகிறதோ அந்தக் கியர் விழும். பட்டையை இறுக்குவது ஒரு பெரிய வில்லுச்சுருள். மிதியை மிதிக்கும்போது சாரதி உண்மையில் அந்தச் சுருளோடுதான் மல்லுக்கட்டுகிறார். அரைகுறையாக மிதித்தால் உள்ளே உந்துதண்டு தன் இடத்தில் போய் உட்காராது, சுருள் மிதியைத் திருப்பி அடிக்கும். ஃபெரட் ஓட்டிய பழைய சிப்பாய்கள் எல்லாரிடமும் முழங்கால் கதை ஒன்று இருக்கும். அப்படி மேலே எழும்பிவிட்ட மிதியை மறுபடி இறக்க இரண்டு காலும் முதுகுப் பலமும் வேண்டும். ஆகவே புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: மிதித்தால் அடிமட்டும் மிதி, இல்லாவிட்டால் காலை அதன்மேல் வைக்காதே.

எஞ்சினையும் இந்தப் பெட்டியையும் இணைப்பது ஒயில். ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கிற இரண்டு கிண்ணங்கள், உள்ளே தகட்டு இதழ்கள், நடுவில் ஒயில். எஞ்சின் பக்கத்துக் கிண்ணம் சுழன்றால் ஒயில் மற்றக் கிண்ணத்தைத் தள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது தள்ளுவிசை போதாது, வாகனம் நிற்கும். எஞ்சின் வேகம் கூடினால் தானாக நகரும். சும்மா நிற்கும்போது எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் கியரில் போட்டவுடன் வாகனம் ஊரத் தொடங்கும். கொட்டிலுக்குள் நாலு தொன் ஊர்ந்தால் சுவர்தான் நிறுத்தும்.

இந்தக் கியர்பொக்ஸை உருவாக்கிய வோல்டர் கோர்டன் வில்சன்தான், 1915இல் லிங்கன் நகரத்தில் வில்லியம் டிரிட்டனோடு சேர்ந்து பிரித்தானியாவின் முதல் டாங்கியை வடிவமைத்தவர். பெரியப்பா கொழும்பில் கழற்றிப் பூட்டிய பஸ் கியர்பொக்ஸும் என் கொட்டிலில் இருக்கிற கவச வாகனத்தின் கியர்பொக்ஸும் ஒரே மனிதரின் மூளையில் பிறந்தவை. போர்த் தொழில்நுட்பம் தனி, பொதுசனத் தொழில்நுட்பம் தனி என்று பிரிப்பவர்கள் ஒருமுறை இந்தப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டையின் உராய்வுத் தகட்டை மாற்றிய பிறகு செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பட்டை எவ்வளவு இறுக வேண்டும் என்று நாம் அளந்து வைப்பதில்லை. பெட்டிக்குள்ளேயே தன்னைத் தானே சரிசெய்யும் ஒரு வளையம் இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, இருக்கையில் இருக்கிறவர் அந்தக் கியரையே தெரிந்து திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் வளையம் ஒரு மயிரளவு திரும்பும். மிதிக்க மிதிக்கத் திரும்பல் குறையும். பட்டை சரியான இறுக்கத்துக்கு வந்ததும் வளையம் அசையாது. பிறகு அடுத்த கியர். நின்று கிடந்த ஃபெரட்டில் இந்த வளையம் காய்ந்த ஒயிலில் ஒட்டிப்போய் இருக்கும். மிதித்தாலும் திரும்பாது, கியர் வழுக்கும். வாங்கியவர் கியர்பொக்ஸ் முடிந்தது என்று கைவிட்டுவிடுவார். பல நேரம் தேவைப்படுவது சுத்தமான ஒயிலும் பொறுமையாக மிதிக்க ஒரு ஆளும்தான். ஆனால் உண்மையிலேயே பெட்டியை வெளியே எடுக்க வேண்டி வந்தால் முதலில் எஞ்சின் வெளியே வரவேண்டும், அதற்கு முன் அதைச் சுற்றியிருக்கிற எல்லாம் வரவேண்டும்.

ஃபெரட்டுக்குத் தனியான சட்டகம் இல்லை. எஞ்சின், கியர்பொக்ஸ், தொங்கமைப்பு எல்லாம் கவச உடலிலேயே நேராகப் பூட்டியிருக்கிறது. நடுவில் உள்ள பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் தண்டுகள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடி நாலு சக்கரத்தையும் சுழற்றும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். இதனால் வாகனத்தின் உயரம் குறைகிறது, வேவு பார்க்கிறவருக்கு அது பெரிய நன்மை. ஒரே பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டியபடி சுழல்வதுதான் இதில் சிக்கல். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். தார் றோட்டில் வழுக்க முடியாது. தண்டுகளுக்குள் முறுக்கு ஏறிக்கொண்டே போகும், ஸ்டியரிங் கனக்கும், கடைசியில் பலவீனமான பல் எதுவோ அது உடையும். இராணுவக் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன. றோட்டில் போகும்போது இடைக்கிடை ஒரு பக்கத்துச் சக்கரங்களைப் புல்லிலோ கல்லிலோ ஏற்றி அந்த முறுக்கை விடுவிக்க வேண்டும். என்னைப் பின்தொடரும் கார்க்காரர்கள் எனக்கு வெறி என்று நினைத்திருப்பார்கள்.

முன்னுக்கு உள்ள ஐந்து கியரும் பின்னுக்கும் உண்டு. பதுங்கித் தாக்குகிறவர்களைக் கண்டால் திரும்பாமலே ஓடித் தப்புவதற்கு. அந்த வசதியை றோட்டில் பரீட்சித்துப் பார்க்கிறவர்களோடு நான் ஏறுவதில்லை.

இந்த வேலையில் கையை, உயிரை வாங்கக்கூடிய இடங்கள் சில உண்டு. சக்கரம் இரண்டு பாதியாகப் பிரிகிற வகை. ஒரு வட்ட நட்டுகள் சக்கரத்தை அச்சோடு பிடிக்கும், இன்னொரு வட்ட நட்டுகள் விளிம்பின் இரண்டு பாதியையும் ஒன்றாகப் பிடிக்கும். ரயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வட்டத்தில் ஸ்பானரைப் போட்டால் சக்கரம் வெடித்துப் பிரியும். பல வாகனங்களில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்திருப்பார்கள், ஆனால் முன்பிருந்தவர் எல்லாவற்றுக்கும் மேலால் பச்சை அடித்திருந்தால் சிவப்பு எங்கே தெரியும்? ஆகவே எந்தச் சக்கரத்தைத் தொட்டாலும் முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றுவது. அடுத்தது பிறேக் லைனிங்கும் பழைய கஸ்கற்றும்: அஸ்பெஸ்ரஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு முகமூடி போட்டு, ஈரமாக்கித் துடைக்க வேண்டும், காற்று அடித்து ஊதக்கூடாது. பிறேக் திரவத்தில் கனிம எண்ணெய் வகையும் கிளைக்கோல் வகையும் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் சீல் றப்பர் ஊதிப்போகும், பிறேக் பிடித்தபடியே நிற்கும் அல்லது பிடிக்கவே மாட்டாது.

பெற்றோலும் மாறிவிட்டது. 2021 செப்டெம்பரிலிருந்து பிரித்தானியாவில் சாதாரண பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல். ஐம்பதுகளில் செய்த குழாய் றப்பர் அதற்குத் தாங்காது, உள்ளே கரைந்து காபரேட்டரை அடைக்கும். குழாய்களை எல்லாம் புது வகை றப்பருக்கு மாற்றிவிட்டேன். வெளிப்பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கிறது, அசல் அல்ல. இதை ஏமாற்று என்று சொல்கிற தூய்மைவாதிகள் இருக்கிறார்கள். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெற்றோல் ஒழுகுகிற வாகனத்தில் அவர்களில் ஒருவரை உட்கார வைக்க எனக்கு விருப்பம்.

என் பஸ் கராஜ் ஸ்பானர்கள் இங்கே உதவாது. அவை மில்லிமீற்றர். போர்க் காலத்து வாகனம் என்றால் விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அளவு ஸ்பானர்கள் வேண்டும். போருக்குப் பிறகு 1948இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் ஒரே திருகுமரை அளவுக்கு ஒத்துக்கொண்டன. போர்க்களத்தில் ஒரு நாட்டின் நட்டு மற்ற நாட்டின் போல்ட்டில் ஏறாமல் பட்ட கஷ்டம் அதற்கு ஒரு காரணம். ஃபெரட் அந்த ஒப்பந்தத்துக்குப் பிந்தியது, ஆகவே பெரும்பாலும் அங்குல அளவு ஸ்பானர்கள். பழைய சாமான் சந்தையில் ஒரு ஸ்பானர் பெட்டியை எடுத்துப் பார்த்தால் அது எந்தக் காலத்து வாகனக்காரருடையது என்று சொல்லிவிடலாம்.

உதிரிப்பாகத்துக்கு இராணுவ மிச்சம்தான் கதி. நொட்டிங்ஹாமுக்கு அருகே ரடிங்டனில் ஒரு காலத்தில் இராணுவ வாகன ஏலம் நடந்தது. அங்கே வாங்கியவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த பெட்டிகள்தான் இன்றைக்கும் சந்தைக்கு வருகின்றன. மெழுகுத்தாளில் சுற்றி, மேலே 13 இலக்க நேட்டோ எண் அச்சிட்ட பொதிகள். 2530 என்று தொடங்கினால் பிறேக், ஸ்டியரிங், சக்கரப் பகுதி. 2520 என்றால் கியர்பொக்ஸ் பக்கம். நடுவில் 99 இருந்தால் பிரித்தானியாவின் எண். மெழுகுத்தாளைப் பிரித்தால் உள்ளே கபில நிறக் கிறீஸ் கெட்டியாக அப்பியிருக்கும், மண்ணெண்ணெயில் கழுவினால் நேற்றுத்தான் கடைந்த மாதிரிப் பல்சக்கரம் வெளிவரும். ஆனால் அதே பெட்டியில் வந்த றப்பர் சீலை நான் பூட்டுவதில்லை. உருக்கு கிறீஸுக்குள் எத்தனை காலமும் கிடக்கும், றப்பர் பொதிக்குள் இருந்தே முதுமையடையும்.

இராணுவம் இப்படி ஒவ்வொரு சீலாகத் தேடித் திரியவில்லை. கியர்பொக்ஸ் பழுதானால் முழுப் பெட்டியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பூட்டும். பழுதான பெட்டி பின்னால் உள்ள பெரிய பட்டறைக்குப் போகும். அதற்கென்று 1942இல் உருவாக்கிய ரீமி என்ற தனிப் படைப்பிரிவே இருந்தது. மாற்றிப் பூட்ட இன்னொரு பெட்டி இல்லாத எங்களுக்குக் கையேடுதான் ரீமி. நான் அதை வாசிக்கிற அளவுக்கு வேறெந்தப் புத்தகத்தையும் வாசித்ததில்லை.

உடம்புக்கு வருவோம். கவசத் தகடு லேசில் துருப்பிடித்து ஓட்டையாகாது. ஓட்டையாவது வெளியே தொங்குகிற மெல்லிய தகரப் பெட்டிகள், மட்கார்டுகள். தரைத்தட்டில் தண்ணீர் வடிய அடைப்பான்கள் உண்டு, வைத்திருந்தவர் அவற்றை இறுக்கி மூடிவிட்டு மறந்திருப்பார். பெயின்றை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். என் வாகனத்தின் இருக்கைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் படிப்படியாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். மேலே கறுப்பும் பச்சையும் கலந்த பிந்திய காலத்து மறைநிறம். அதன் கீழ் தட்டையான பச்சை. அதன் கீழ் மணல் நிறம், விளிம்பில் கொஞ்சம் தடித்து, அவசரத்தில் தூரிகையால் அடித்த தடத்தோடு. எல்லாவற்றுக்கும் அடியில் பளபளக்கும் கரும்பச்சை, தொழிற்சாலையில் அடித்தது. மணல் நிறம் என்றால் எங்கோ ஒரு வெயில் நாட்டில் வேலை பார்த்திருக்கிறது. ஃபெரட்டுகள் மலாயாவிலும் சைப்பிரசிலும் ஏடனிலும் நின்றவை.

எங்கள் ஆட்களின் கேள்வி இங்கேதான் வரும். கலியாண வீட்டில் ஒரு மாமா கேட்டார்: “தம்பி, உனக்கு வேறை சாமான் கிடைக்கேல்லையே?” நியாயமான கேள்வி. இலங்கை இராணுவத்திடமும் ஃபெரட் இருந்தது, மற்றப் பிரித்தானியக் கவச வாகனங்களான சலாடினும் சராசனும் இருந்தன. சலாடினில் இருக்கும் பி80 எஞ்சின் என்னுடைய பி60இன் எட்டுச் சிலிண்டர் வடிவம். அந்தச் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டு ஓடி ஒளிந்த தலைமுறை எங்களுடையது. நான் அவரிடம் சொன்னது இதுதான்: வாகனத்தை நான் கும்பிடவில்லை, அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. துவக்குத் தாங்கியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். சுடமுடியாதபடி செயலிழக்கச் செய்து சான்றிதழ் பெற்ற துவக்கு இங்கே வாங்கலாம், வாங்கவில்லை. கண்காட்சியில் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது, இது ஏடனில் என்ன செய்தது, எங்கள் ஊரில் என்ன செய்தது என்று பெற்றோருக்குச் சொல்லுவேன். சிலர் பேச்சை மாற்றுவார்கள். சிலர் நின்று கேட்பார்கள். மாமா சமாதானமாகவில்லை, ஆனால் பிறகொரு நாள் கியர்பொக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்.

ஓட்ட வேண்டுமா, காட்சிக்கு வைத்தால் போதாதா என்ற வாதம் பெரிய மியூசியங்களிலேயே தீரவில்லை. டோர்செட் மாவட்டத்தில் பாவிங்டன் டாங்கி மியூசியத்தில் இருக்கிற டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்கி 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டது. நீண்ட காலத் திருத்தத்துக்குப் பிறகு அதை ஓடவைத்தார்கள், இன்றைக்கும் வருடத்தில் சில நாள் ஓட்டுகிறார்கள். இவ்வளவு அரிதான ஒன்றை ஓட்டித் தேய்க்கலாமா என்று கேட்பவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால் நானும் தயங்குவேன். ஃபெரட் அப்படி இல்லை. இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஓட்டாமல் வைத்தால் அவற்றோடு சேர்ந்து கைப்பழக்கமும் போய்விடும்.

கைப்பழக்கமும் நின்றால் கெடுகிற பொருள்தான். பிரித்தானியாவின் கட்டாயப் படைச்சேவையில் கடைசியாக இருந்தவர்கள் 1963இல் வீடு திரும்பினார்கள். அவர்களில் இளையவருக்கும் இப்போது எண்பது கடந்துவிட்டது. எனக்குப் பட்டை சரிசெய்யக் காட்டித் தந்தவர் ரீமியில் இருந்த ஒரு முதியவர். கையேட்டில் ஒரு வரியில் இருப்பதை அவர் காதால் சொல்லுவார்: “இந்தச் சத்தம் வந்தால் நிறுத்து.” அந்தச் சத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஓடுகிற வாகனத்தில்தான் கேட்கலாம். ஆகவே கொட்டிலுக்கு வருகிற இளம் பெடியள், பெட்டையளை முதலில் சாரதி இருக்கையில் இருத்தி மிதிக்க வைக்கிறேன். ஸ்பானர் பிறகு.

வாங்க நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லி முடிக்கிறேன். பெயின்றைப் பார்க்காதீர்கள், எஞ்சின் சூடேறிய பிறகு ஐந்து கியரும் இரண்டு திசையிலும் விழுகின்றனவா என்று பாருங்கள். நாலு சக்கரத்துக்கும் உள்ள தனித்தனிக் கியர்ப் பெட்டிகளில் ஒயிலைத் தொட்டுப் பாருங்கள், பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஒவ்வொரு பிறேக்கும் விட்டதும் விடுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். வாங்கிய பிறகு, நின்ற இடத்தில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் போட்டு அணைப்பதைப் பராமரிப்பு என்று நினைக்க வேண்டாம். அது உள்ளே ஈரத்தைத்தான் சேர்க்கும். ஒயில் நன்றாகச் சூடாகி, பிறேக் பலமுறை பிடித்து, கியர் எல்லாம் மாறும்வரை ஓட வேண்டும். மாதம் ஒருமுறை அதற்கு அரைநாள் ஒதுக்க முடியாதவர், வாங்கிப் படங்கால் மூடி வைப்பதைவிட, ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு அந்த வாகனத்தை விட்டுக்கொடுப்பது நல்லது.